கையால் செய்த மரவில்: ஒன்ராறியோவில் மான் வேட்டைக்கு எங்கிருந்து தொடங்குவது?

மேப்பிள்நிழல்:
வணக்கம் எல்லாருக்கும். கடையில் வாங்கிய ரீகர்வ் வில்லில் இலக்குக்கு எய்து பழக்கம் இருக்கிறது. அடுத்த இலையுதிர் காலத்துக்குள் கையால் செய்த மரவில்லோடு வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகவேண்டும். கடைப்பலகை நல்லதா, காட்டு மரத்தடி நல்லதா? எத்தனை பவுண்ட் வில் வேணும்? என்னிடம் இருப்பவை இழைப்புளி, ராஸ்ப் (முரட்டுப் பல் மர அரம்), சுரண்டும் தகடு, நாலு கிளாம்ப். மின்ரம்பம் இல்லை. இழுப்பு நீளம் 27.5 அங்குலம்.

இழைப்புளி:
முதலில் சட்டத்தைப் பாருங்கோ தம்பி. வில்லின் அளவை முடிவு செய்வது அதுதான். ஒன்ராறியோவில் மானுக்கு வில்லின் இழுவிசை குறைந்தது 18 கிலோ இருக்கவேணும், அதாவது 39.7 பவுண்ட். அந்த விசை 700 மி.மீ. இழுப்புக்குள் வந்துவிட வேணும். மூஸ், கருங்கரடி என்றால் 22 கிலோ. 700 மி.மீ. என்பது 27.6 அங்குலம். 28 அங்குலத்தில் சரியாக 40 காட்டுகிற வில், 27.6-இல் ஏறத்தாழ ஒரு பவுண்ட் குறைந்து 39-இல் நிற்கும். அது சட்டப்படி மான் வில் ஆகாது. மரவில் பழகப் பழக இரண்டு மூன்று பவுண்ட் இறங்கவும் செய்யும். ஆகவே 27.5 அங்குலத்தில் 45 பவுண்ட் என்று குறி வையுங்கோ. 55, 60 என்று போகத் தேவையில்லை. முதல் வில்லில் கூட்டிக் கேட்கிற ஒவ்வொரு பவுண்டும் மரத்தை முறிவுக்குக் கிட்டக் கொண்டுபோகும்.

மரம்: ஹிக்கரி பலகை கிடைத்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். நார் இழுபடுவதை அவ்வளவு தாங்குகிற மரம் வட அமெரிக்காவில் குறைவு. கிடைக்காவிட்டால் செவ்வோக். வீட்டுச் சாமான் கடையில் 1×3 என்று விற்பது உண்மையில் 19 × 63 மி.மீ. இருக்கும். அதிலிருந்து 45 மி.மீ. அகலத்துக்கு எடுக்கலாம். 1×2 பலகை 38 மி.மீ.தான் அகலம், ஹிக்கரிக்குப் போதும், 45 பவுண்ட் செவ்வோக்குக்கு ஒடுக்கம்.

பலகையைத் தெரிவு செய்வதில்தான் வில் பாதி முடிகிறது. கடையில் முழு அடுக்கையும் புரட்டிப் பார்க்க வெட்கப்பட வேண்டாம். முகத்தில் உள்ள கோடுகள் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பலகையின் ஓரத்துக்கு இணையாக ஓடவேணும். ஒரு கோடு இடையில் ஓரத்தைத் தொட்டு வெளியே போனால் நார் அந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். வில் அங்கேதான் பிளக்கும். பக்கவாட்டையும் அப்படியே பாருங்கோ. முகத்தில் நேராகவும் பக்கவாட்டில் சரிவாகவும் ஓடுகிற பலகைகள் நிறைய உண்டு; அவைதான் ஆட்களை ஏமாற்றுகிறவை. கணு, சிறு கண் எதுவும் வேண்டாம். ஐம்பது பலகையில் ஒன்று தேறினால் அது நல்ல கடை.

கூர்முனை:
அண்ணை சொன்னதோடு இன்னும் இரண்டு சட்ட அளவுகள்: அம்பு குறைந்தது 600 மி.மீ. நீளம், வேட்டைமுனை அதன் அகலமான இடத்தில் குறைந்தது 22 மி.மீ., இரண்டு கூரான வெட்டு விளிம்பாவது இருக்கவேண்டும். வேட்டைக் கல்விப் பயிற்சி, அவுட்டோர்ஸ் அட்டை (வேட்டைக்கான அரசு அடையாள அட்டை), மான் அனுமதிச்சீட்டு எல்லாவற்றையும் இப்போதே தொடங்குங்கள். வில் பருவம் பல பகுதிகளில் அக்டோபர் தொடக்கத்தில் திறக்கும். ஆனால் வேட்டை மேலாண்மைப் பகுதிக்குப் பகுதி தேதி மாறும். அந்தந்த ஆண்டின் அரசுக் கையேட்டைப் பார்த்துத்தான் போகவேண்டும்.

இழைப்புளி:
அளவுகள், பலகை வில்லுக்கு:

மொத்த நீளம் 172 செ.மீ. நடுவில் கைப்பிடி 10 செ.மீ., அதன் இரு பக்கமும் மெலிந்து இறங்குகிற சரிவு 5 செ.மீ. வீதம். மிஞ்சுவது பக்கத்துக்கு 76 செ.மீ.; வளைகிற லிம்ப் அதுதான். சரிவிலிருந்து லிம்பின் நடுவரை 45 மி.மீ. அகலம் அப்படியே வரட்டும். அங்கிருந்து நுனிக்கு நேர்கோட்டில் 12 மி.மீ. ஆக ஒடுங்கவேணும். தடிப்பு தொடக்கத்தில் சரிவருகே 15 மி.மீ., நுனியில் 12. நடுக்கோட்டை நூல் இழுத்துப் போடுங்கோ, பலகையின் ஓரத்தை நம்பிப் போடாதேங்கோ.

கைப்பிடிக்கு 20 செ.மீ. நீளத் துண்டு ஒன்றை வயிற்றுப் பக்கம், அதாவது எய்கிறவரைப் பார்க்கிற முகத்தில், ஒட்டவேணும். இரண்டு முகமும் இடைவெளி தெரியாமல் பொருந்தினபிறகு டைட்பாண்ட் 3 மரப்பசை பூசி நாலு கிளாம்பும் போட்டு ஒரு நாள் விடுங்கோ. கைப்பிடித் துண்டு தெறித்துப் போவதற்குப் பசையில் குறை இருப்பது அபூர்வம். சரிவு முடிகிற இடத்திலேயே லிம்ப் வளையத் தொடங்கினால்தான் அது கழரும். அந்த இடம் எப்போதும் கொஞ்சம் விறைப்பாகவே நிற்கட்டும்.

முதுகுப் பக்கத்தை, அதாவது எய்யும்போது இலக்கைப் பார்த்து இருக்கிற முகத்தை, இழைக்கவே கூடாது. அதன் ஓர விளிம்புகளை மட்டும் உப்புத்தாளால் உருட்டி விடுங்கோ. கூரான விளிம்பிலிருந்துதான் சிலாம்பு கிளம்பும். தடிப்பைக் குறைப்பது முழுக்க வயிற்றுப் பக்கத்தில்.

நாணொலி:
செவ்வோக் என்றால் முதுகில் லினன் துணியோ பதனிடாத தோலோ ஒட்டுவது நல்லது என்று நினைக்கிறேன். துளைகள் பெரிய மரம், சிலாம்பு கிளம்ப வாய்ப்பு அதிகம். எய்கிறவரின் முகத்துக்கு அருகே இருக்கிற மரம் முறிந்தாலும் துண்டுகள் பறக்காமல் துணி பிடித்துக்கொள்ளும்.

இழைப்புளி:
பாதுகாப்புக்கு ஒட்டலாம், மறுக்கவில்லை. ஆனால் நார் அறுந்த பலகையைத் துணி காப்பாற்றும் என்று நம்பி மோசமான பலகையை வாங்குகிறார்கள். அதைத்தான் எதிர்க்கிறேன். நார் நேராக இருந்தால் ஹிக்கரிக்கு எதுவுமே தேவையில்லை.

மேப்பிள்நிழல்:
காட்டு மரம் பற்றியும் சொல்லுங்கோ. நண்பர் ஒருவரின் காணியில் அயன்வுட் நிற்கிறது, ஆஷ் மரங்கள் நிறையப் பட்டுப்போய் நிற்கின்றன.

இழைப்புளி:
அயன்வுட் இருக்கிறதா, அப்படியென்றால் பலகையோடு அதையும் தொடங்கி வையுங்கோ. மேப்பிள் நிழலில் மெதுவாக வளர்கிற சின்ன மரம். பட்டை ஒடுங்கிய நீள் கீற்றுகளாக உரிந்து தொங்கும். ஒன்ராறியோவில் கிடைக்கிற வில் மரங்களில் அதற்கு நிகர் ஹிக்கரி மட்டுமே. அடியில் 10 முதல் 15 செ.மீ. குறுக்களவும், 180 செ.மீ. நீளத்துக்குக் கணு இல்லாத நேர்த்தண்டும் பாருங்கோ. பட்டையின் கீற்று தண்டைச் சுற்றி முறுக்கி ஏறினால் உள்ளே நாரும் முறுக்கியிருக்கும், அதை விட்டுவிடுங்கோ.

ஜூன் மாதம் வெட்டினால் பட்டை கையோடு உரிந்து வரும். பட்டைக்குக் கீழே இருக்கிற வழவழப்பான முகமே வில்லின் முதுகு. அதில் கத்தி படக்கூடாது, நகக்கீறல்கூட வேண்டாம். வெட்டின அன்றே இரண்டு முனைக்கும் மரப்பசை தடவுங்கோ. பட்டை உரித்தால் முதுகு முழுவதும் ஷெல்லாக் பூசவேணும். மறந்தால் ஒரே வாரத்தில் முகம் முழுக்க வெடிப்பு. பிறகு ஆப்பு வைத்துப் பிளந்து, வில்லின் உருவத்துக்குக் கிட்டச் செதுக்கி, தரையில் ஊன்றி அழுத்தினால் இலேசாக வளைகிற தடிப்புக்குக் கொண்டுவந்து, நேரான 2×4 கட்டையோடு கிளாம்ப் போட்டு வையுங்கோ. முழுத் தடியாக விட்டால் ஒரு வருடம் எடுப்பது, இப்படிச் செய்தால் ஆறு முதல் எட்டு வாரத்தில் காயும்.

காய்ந்ததா என்று தெரிய எளிய வழி: வாரம் ஒருமுறை தராசில் நிறுத்து மரத்திலேயே பென்சிலால் எழுதுங்கோ. இரண்டு வாரம் எடை அசையாமல் நின்றால் வீட்டின் ஈரப்பதத்தோடு மரம் சமன் ஆகிவிட்டது. 50 விழுக்காடு ஈரப்பதமுள்ள அறையில் மரத்துக்குள் ஏறத்தாழ 9 விழுக்காடு நீர் நிற்கும். வில்லுக்கு அது சரியான அளவு. ஹிக்கரி இன்னும் கொஞ்சம் உலர்வையே விரும்பும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடுகிற வீட்டில் அறை ஈரப்பதம் 25-க்கு இறங்கும், மரம் 5-க்குப் போகும். அந்த நிலையில் மேப்பிளை முழுதாக இழுத்தால் சத்தமில்லாமல் நிற்கிற வில் திடீரென்று இரண்டாகும். ஈரம் கூடினால் மறுபக்கத் தொல்லை: வயிற்று நார் நசுங்கி, நாணைக் கழற்றின பிறகும் வில் வளைந்தே கிடக்கும்.

ஆஷ் பற்றி: மரகத ஆஷ் வண்டு 2002-இல் வின்ட்சரில் கண்டறியப்பட்டது. அதன்பின் தென் ஒன்ராறியோவில் ஆஷ் பெரும்பாலும் செத்துவிட்டது. நின்றபடி வருடக்கணக்கில் காய்ந்த ஆஷ் உடையும் தன்மைக்கு வந்திருக்கும், வில்லுக்கு ஆகாது. பட்டைக்குக் கீழே புழுத்தடம் வளைந்து வளைந்து ஓடியிருந்தால் முதுகு முகமே கெட்டது. விறகாகவும் அதை வேறு ஊருக்குக் காரில் ஏற்றாதேங்கோ, வண்டு பரவினதே அப்படித்தான். அரசுக் காணியில் அனுமதி இல்லாமல் எந்த மரத்தையும் தொடவேண்டாம்.

கொங்குமண்:
கோயம்புத்தூரிலிருந்து கேட்கிறேன். இங்கே என்ன மரம் சரிப்படும்? பன்றி வேட்டைக்கு இப்படி வில் செய்யலாமா?

கூர்முனை:
வேட்டைக்கு வேண்டாங்க. இந்தியாவில் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம், வில் என்றாலும் அதேதான். இலக்குக்கு எய்யத் தாராளமாகச் செய்யலாம். தடசு மரம் அங்கே வில்லுக்கும் வண்டி நுகத்துக்கும் பேர்போனது, காய்ந்த தடி கிடைத்தால் பாருங்கள். இல்லாவிட்டால் கெட்டியான கல்மூங்கிலைப் பிளந்து, வெளித்தோல் முதுகாக வரும்படி, உட்பக்கத்தை மட்டும் இழையுங்கள். கணுவிடத்தை மற்ற இடங்களோடு மட்டமாகச் சீவிவிடாதீர்கள், முறிவது அங்கேதான்.

இழைப்புளி:
இனி டில்லரிங், அதாவது இரண்டு லிம்பும் சீராக வளையும்படி வயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிச் சரிசெய்வது. வில் செய்வது என்றால் இதுதான். முன்னால் சொன்னதெல்லாம் தச்சுவேலை.

விறைப்பு தடிப்பின் மும்மடிப் பெருக்கமாகப் போகும், அகலத்தோடு நேராக மட்டும். 12 மி.மீ. தடிப்பை 11 ஆக்கினால் அந்த இடம் 23 விழுக்காடு விறைப்பை இழக்கும். ஒரு மில்லிமீட்டருக்கு இவ்வளவு. ஆகவே வளைவு தெரியத் தொடங்கினதும் இழைப்புளியைக் கீழே வைத்து ராஸ்புக்கும், பாதி இழுப்பு வந்ததும் சுரண்டும் தகட்டுக்கும் மாறுங்கோ.

சுவரில் ஒரு கட்டை அடித்து அதில் வில்லை வயிறு கீழ்நோக்க உட்கார வைத்து, கீழே ஒரு கப்பி வழியாகக் கயிற்றை இழுத்தபடி நாலு மீட்டர் தள்ளி நின்று பார்க்கவேணும். கயிற்றில் பயணப்பை நிறுக்கிற தராசு மாட்டுங்கோ. தொடக்கத்தில் வில்லளவு நீளமான தளர்ந்த நாண். விதி ஒன்றே ஒன்று: தராசு 45 காட்டினதும் நிறுத்தவேணும், எத்தனை அங்குலம் வந்திருந்தாலும் சரி. 10 அங்குலத்தில் 45 வந்தால் 10 அங்குலம்தான். மேலே இழுத்தால் மரம் அந்த நோவை மறக்காது.

ஒவ்வொரு முறை சுரண்டின பிறகும் 20, 30 தரம் அரைகுறையாக இழுத்து விடுங்கோ. சுரண்டினதன் விளைவு உடனே தெரியாது. இந்த இழுப்புகளுக்குப் பிறகே மரம் காட்டும். இதைச் செய்யாமல் சுரண்டிக்கொண்டே போகிறவர்களின் வில் கடைசியில் 30 பவுண்டில் நிற்கும்.

இரண்டு லிம்பும் ஒத்து வளைந்து, 45 பவுண்டில் நுனிகள் 15 செ.மீ. இறங்கினதும், நாணைச் சுருக்கி, கைப்பிடிக்கும் நாணுக்கும் இடையே 7 செ.மீ. உயரம் வரும்படி பூட்டுங்கோ. நாண் கைப்பிடியின் நடுவால் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கோ. ஒரு பக்கம் விலகினால், நாண் விலகிப்போகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்க ஓரம் விறைப்பாக இருக்கிறது. அந்த ஓரத்தில் இலேசாகச் சுரண்டினால் நாண் நடுவுக்கு வரும். கடைசியில் நாண் உயரம் 15 முதல் 16 செ.மீ. கீழ் லிம்ப் மேல் லிம்பைவிட இம்மியளவு விறைப்பாக, நாணுக்கும் லிம்புக்கும் உள்ள இடைவெளி 3 முதல் 5 மி.மீ. குறைவாக இருக்கட்டும்.

மேப்பிள்நிழல்:
ஹிக்கரிப் பலகையில் இப்போது 19 அங்குலத்தில் 38 பவுண்ட் நிற்கிறது. இடது லிம்ப் அழகான வட்டம். வலது லிம்பில் நுனியிலிருந்து 25 செ.மீ. உள்ளே ஒரு கையகல இடம் மட்டும் மடங்கினமாதிரித் தெரிகிறது. அந்த இடத்து வயிற்றில் குறுக்காக மயிரிழைபோல் இரண்டு மெல்லிய கோடு. என்ன செய்யலாம்?

இழைப்புளி:
இழுப்பதை நிறுத்துங்கோ. மடங்கின இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போடுங்கோ, அங்கே தகடு இனிப் படவே கூடாது. அதன் இரண்டு பக்கமும் 15 செ.மீ. தூரம் சுரண்டி, வளைவு அங்கெல்லாம் பரவும்படி செய்யவேணும். பிறகு இடது லிம்ப் முழுவதையும் அதோடு ஒத்துப்போகச் சுரண்டுங்கோ. 15 செ.மீ. மரக்கட்டை ஒன்றின் நடுவில் பென்சில் செருகி, வளைத்த வில்லின் வயிற்றில் நுனிவரை ஓட்டினால் பென்சில் படுகிற இடம் விறைப்பு, படாத இடம் கூடுதலாக வளைகிற இடம். கண்ணைவிட அது நம்பகம்.

அந்தக் குறுக்குக் கோடுகள் நசுக்க வெடிப்பு. நகத்தால் தடவிப் பாருங்கோ. தட்டுப்படாவிட்டால், வளைவு பரவினபின் அப்படியே நிற்கும். நகம் மாட்டினால் அந்த வில்லை வேட்டைக்கு நம்பவேண்டாம், டில்லரிங் பழக வைத்துக்கொள்ளுங்கோ.

திருத்தி முடிக்கும்போது சில பவுண்ட் இறங்கியிருக்கும். 27.5-இல் 42-க்குக் கீழே போனால் இரு நுனியிலும் 2 செ.மீ. வெட்டிப் புதிய நாண்வெட்டு போடலாம், விசை ஏறும். 164 செ.மீ.க்குக் கீழே குறைக்க வேண்டாம்.

நாணொலி:
நாண்வெட்டை 5 மி.மீ. உருட்டு அரத்தால் 45 பாகைச் சாய்வில், பக்கங்களில் மட்டும் 3 மி.மீ. ஆழம் போடவேண்டும். முதுகுக்குக் குறுக்கே ஒருபோதும் வெட்டாதீர்கள். நாண் பி-55 டாக்ரான், 14 இழை, ஏழேழாக இரண்டு புரியாக முறுக்கியது. நீளாத வகை நவீன நாண்கள் வேகம் கொடுக்கும், ஆனால் நுனியில் கடினமரமோ கொம்போ ஒட்டிப் பலப்படுத்தாத வில்லின் நாண்வெட்டைப் பிளந்துவிடும். அம்பில்லாமல் நாணை விட்டுத் தெறிக்கக் கூடாது. அம்பு எடுத்துப் போகவேண்டிய விசை முழுவதும் மரத்துக்கே திரும்பும்.

அம்பில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள், அதனால் விரிவாக எழுதுகிறேன். மரவில்லில் அம்பு நடுவால் போவதில்லை. கைப்பிடியின் அகலத்தைச் சுற்றி வளைந்து நெளிந்து வெளியேறுகிறது. தண்டு அதிக விறைப்பாக இருந்தால் வலதுகைக்காரருக்கு இடப்பக்கம் விலகும், மெத்தென்றிருந்தால் வலப்பக்கம். விறைப்பை வீட்டிலேயே அளக்கலாம். 26 அங்குல இடைவெளியில் இரண்டு ஆணி அடித்து அவற்றின்மேல் தண்டை வைத்து, நடுவில் 2 பவுண்ட் எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு தாழ்கிறது என்று அளவெடுங்கள். 26-ஐ அந்தத் தாழ்வால் வகுத்தால் விறைப்பு பவுண்டில் வரும். 0.52 அங்குலம் தாழ்ந்தால் 50, 0.65 தாழ்ந்தால் 40. உங்கள் 45 பவுண்ட் வில்லுக்கு 40 முதல் 45 வரை உள்ள தண்டுகளை எடுத்து, 125 கிரெயின் (8 கிராம்) முனை போட்டு எய்து பாருங்கள். ஒரு கட்டில் உள்ள எல்லாம் 3 பவுண்டுக்குள் ஒத்திருக்கவேண்டும்.

தண்டு 11/32 அங்குல போர்ட் ஓர்ஃபோர்ட் சீடர் அல்லது டக்ளஸ் ஃபர். முனைக்கு 5 பாகை, பின்னே நாண்பிடிக்கு 11 பாகை கூம்பு. வான்கோழி இறகு மூன்று, 12 செ.மீ. நீளம், மூன்றும் ஒரே பக்கச் சிறகிலிருந்து வரவேண்டும். இடச்சிறகையும் வலச்சிறகையும் கலந்து ஒட்டினால் அம்பு சுழலாது. மொத்த எடை 500 கிரெயின் அளவில், அதாவது 32 கிராம். எடை குறைந்த அம்பு வேகமாகப் போகும், ஆனால் வில்லையும் உலுக்கும், மானில் ஊடுருவவும் மாட்டாது.

கூர்முனை:
வேட்டைப் பக்கத்துக்கு வருகிறேன். அந்த 500 கிரெயின் அம்பு இந்த வில்லிலிருந்து நொடிக்கு 44 மீட்டர் அளவில் போகும். 15 மீட்டரைக் கடக்க 0.34 நொடி. நாண் ஒலி மானுக்கு 0.04 நொடியில் கேட்டுவிடும். மிச்ச 0.3 நொடிக்குள் மிரண்ட மான் உடலைத் தாழ்த்திப் பாயத் தொடங்கும். அதனால்தான் மரவில்லுக்கு 15 மீட்டரே எல்லை என்கிறேன், அதுவும் மான் தலை குனிந்து மேயும்போது. 25 மீட்டரில் அட்டையைத் துளைக்க முடிகிறது என்பதால் மானை எய்யலாம் என்று ஆகாது.

பயிற்சியில் தட்டு அளவு இலக்கில் 15 மீட்டரிலிருந்து முதல் அம்பு, அன்றைய முதல் அம்பு, நாள்தோறும் விழவேண்டும். காட்டில் கிடைப்பது அந்த ஓர் அம்புதான். குளிர்மேலாடை போட்டுக்கொண்டு, முழங்காலிட்டு, முக்காலியில் உட்கார்ந்து எல்லாம் எய்து பாருங்கள். தடித்த சட்டைக்கை நாணில் தட்டும்.

மான் பக்கவாட்டாகவோ, சற்றே அப்பால் திரும்பியோ நிற்கும்போது முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடலின் கீழ் மூன்றிலொரு பங்கில் எய்யவேண்டும். அம்பு கொல்வது அதிர்ச்சியால் அல்ல, இரத்தப்போக்கால். ஆகவே முனை முழங்கை மயிரை வழிக்கிற அளவுக்குத் தீட்டியிருக்கவேண்டும். எதிரே நெஞ்சு காட்டி நிற்கிற மானை விட்டுவிடுங்கள். இந்த விசைக்கு அகலமான மூன்றலகு முனையைவிட ஒடுங்கிய ஈரலகு முனை ஆழமாகப் போகும்.

எய்தபின் அம்பைப் பாருங்கள். இளஞ்சிவப்பு நுரை என்றால் நுரையீரல். அரை மணி நேரம் அசையாமல் இருந்து பிறகு தடம் தொடருங்கள். கருஞ்சிவப்பு என்றால் ஈரல். மூன்று நாலு மணி நேரம். பச்சைக் கசடும் நாற்றமும் என்றால் குடல். எட்டு மணி நேரத்துக்குக் கிட்டப்போக வேண்டாம். முன்பே போனால் படுத்திருக்கிற மான் எழுந்து ஓடும், பிறகு கிடைக்காது. தடம் அடுத்தவர் காணிக்குள் போனால் அவரிடம் கேட்டபிறகே வேலியைத் தாண்டவேண்டும். பருவம் திறக்குமுன்பே அக்கம்பக்கத்துக் காணிக்காரரிடம் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

மேப்பிள்நிழல்:
நன்றி அண்ணை, எல்லாருக்கும். கடைசியாக ஒன்று. காட்டில் நாள் முழுக்க நாண் பூட்டியே வைத்திருக்கலாமா? மழையில் என்ன செய்வது?

இழைப்புளி:
காலையில் உட்காரப்போகும்போது பூட்டி, இறங்கி வரும்போது கழற்றுங்கோ, அந்த அளவை மரம் தாங்கும். காரில் பூட்டியபடி வைக்கவேண்டாம், வெயில் பட்ட கார் அதைவிட மோசம். டங் எண்ணெய் ஐந்து ஆறு பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு நாள் இடைவெளி, மேலே மெழுகு. மினுக்கம் தெரிந்தால் எஃகுப் பஞ்சால் தேய்த்து மங்கலாக்குங்கோ. இறகுக்கும் நீர் விலக்கும் பொடி பூசவேணும், நனைந்த இறகு அம்பைத் திருப்பாது. பெரிய மழைக்குப் போகாதேங்கோ, இரத்தத் தடமும் கழுவிப்போகும்.

வீட்டில் இரண்டு ஆணிமேல் கிடையாக வையுங்கோ, மூலையில் சாத்தி வைத்தால் கீழ் லிம்ப் முறுக்கும். ஒவ்வொரு முறை பூட்டும்போதும் முதுகில் விரலால் நுனிக்கு நுனி தடவிப் பாருங்கோ. சிலாம்பு ஏதும் தட்டுப்பட்டால் அன்றைக்கு எய்யவேண்டாம். சின்னதென்றால் உடனடிப் பசை ஒரு சொட்டு ஊற்றிப் பருத்தி நூலால் இறுக்கிச் சுற்றிவிடலாம், அடுத்த நாள் பாவிக்கலாம்.